சிலையை இழுத்துத் தள்ளலாமா என்று கேட்டிருந்தாயே

அன்புள்ள செல்வம்,

பெரியவளைக் கல்லூரியில் சேர்க்கிற அலைச்சலில் உன் மெயிலுக்குப் பதில் போடவே முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. சேப்பல் ஹில்லில் இருக்கிற வட கரோலினா பல்கலைக்கழகத்திலேயே இடம் கிடைத்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று ஒரு வரியோடு நிறுத்திவிட்டாயே, இப்போது நடக்கிறார்களா?

சரி, நீ கேட்ட விஷயம். அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் நின்ற சிப்பாய் சிலையைப் படிக்கிற பிள்ளைகள் கயிறு கட்டித் தள்ளலாமா, மனு கொடுக்கக் கூடாதா என்கிறாய். மனு எல்லாம் கொடுத்துப் பார்த்தார்களப்பா. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்றபோதே இந்தச் சிலைமேல் பெயின்ட் ஊற்றினார்கள். அதற்கப்புறம் ஊர்வலம், கையெழுத்து, கூட்டம் என்று எத்தனையோ. 2015-இல் மாநிலச் சட்டசபை, பொது இடத்து நினைவுச் சின்னங்களை இஷ்டத்துக்கு யாரும் அகற்றக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டது. பல்கலைக்கழகம் கையை விரித்துவிட்டது. மனுவை வாங்கத்தான் ஆள் இல்லை.

சிலைக்குச் சைலன்ட் சாம், அதாவது சத்தம் போடாத சாம் என்று பெயர். துப்பாக்கி பிடித்த சிப்பாய், இடுப்பில் தோட்டாப் பெட்டி கிடையாது, சுட முடியாது என்பதால் அப்படிக் கூப்பிடுவார்கள். அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென்மாநிலங்களுக்காகப் படிப்பை விட்டுவிட்டு அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் போன மாணவர்களின் நினைவாம். ஆனால் வைத்தது 1913-இல், போர் முடிந்து ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து! திறப்பு விழாவில் ஜூலியன் கார் என்ற பணக்காரர் பேசினார். போரிலிருந்து திரும்பிய புதிதில், இங்கிருந்து நூறு கஜ தூரத்தில் ஒரு கறுப்பினப் பெண்ணைப் பாவாடை கந்தலாகும்வரை குதிரைச் சவுக்கால் அடித்தேன் என்று மேடையிலேயே சொன்னார், அதுவும் பெருமையாக. அந்தப் பேச்சு பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது, வெகுகாலம் கழித்து ஓர் ஆராய்ச்சி மாணவர்தான் வெளியே கொண்டுவந்தார். படித்த பிறகு அந்தச் சிலையை வெறும் வெண்கலமாக யாரால் பார்க்க முடியும்? கறுப்பின மாணவர்கள் இளங்கலையில் சேர்ந்ததே 1955-இல்தான், அதுவும் நீதிமன்றம் உத்தரவு போட்டதால், வெறும் மூன்று பேர். அன்றிலிருந்து அவர்கள் வகுப்புக்குப் போகிற வழியில் இவன் நின்றுகொண்டே இருந்தான்.

2018 ஏப்ரலில் ஒரு மாணவி சிவப்பு மையோடு தன் ரத்தத்தையும் கலந்து சிலைமேல் ஊற்றினார், கைதும் ஆனார். அந்த ஆகஸ்ட் 20 இரவு, மறுநாள் வகுப்பு திறக்க வேண்டும், உயரமான பேனர்களால் சிலையைச் சுற்றி மறைத்துக் கயிறு போட்டு இழுத்துவிட்டார்கள். சட்டப்படி தப்புதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு எரிச்சல் வந்தது அதற்குப் பிந்தைய கூத்தில்தான். சிலையை வைக்க 53 லட்சம் டாலரில் கட்டடம் கட்டலாம் என்று ஒரு திட்டம், அது எடுபடவில்லை. அப்புறம் அந்தத் தென்மாநிலப் படைவீரர்களின் வாரிசுகள் சங்கத்திடம் சிலையையும் கொடுத்து, பராமரிக்க 25 லட்சம் டாலரும் ஒதுக்கினார்கள். 2020 பிப்ரவரியில் நீதிபதி அதை ரத்து செய்துவிட்டார், நல்லவேளை.

நீ கேட்காத ஒன்றும் சொல்கிறேன். அதே புல்வெளியில், கொஞ்சம் தள்ளி, 2005-இல் திறந்த இன்னொரு நினைவுச் சின்னம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தைக் கட்டி உழைத்த கறுப்பின மக்களுக்காக, படித்து முடித்துப் போன மாணவர்கள் கொடுத்தது. ஒரு வட்டக் கல்மேசை, கீழே சின்னஞ்சிறு முந்நூறு வெண்கல மனிதர்கள் கையைத் தூக்கி அதைத் தாங்குகிறார்கள், சுற்றிலும் உட்காரக் கல். மகளைச் சேர்க்கப் போன அன்று ஒரு பையன் காபி கப்பை மேசைமேல் வைத்துவிட்டு போன் பார்த்துக்கொண்டிருந்தான், ஷூ முனை ஒரு பொம்மையின் முகத்தில் இடித்துக்கொண்டே இருந்தது. அவனைக் குறை சொல்லி என்ன, உட்காரத்தானே வைத்திருக்கிறார்கள். அதிகாரிகளைக் கேட்டால் மரியாதை செய்துவிட்டோம் என்பார்கள். சிப்பாய்க்கு மட்டும் அண்ணாந்து பார்க்கிற பீடம்! அந்தப் பீடத்தையும் 2019 ஜனவரியில் வேந்தர் கரோல் ஃபோல்ட் ராத்திரியோடு ராத்திரியாக எடுக்கச் சொல்லிவிட்டு, தன் ராஜினாமாவையும் அறிவித்தார்.

பக்கத்து ஊர் கார்பரோவில்தான் வீடு பார்த்திருக்கிறோம், வாடகை அங்கே கொஞ்சம் குறைவு. திறப்பு விழாவில் பேசிய அந்த ஜூலியன் காரின் பெயர்தான் ஊருக்கே. புது முகவரி கீழே, அம்மாவின் மருந்துச் சீட்டை அனுப்பு, இங்கே தெரிந்த டாக்டரிடம் காட்டுகிறேன்.

உன்,
குமரேசன்