புல்லை யார் சொல்லித் தருவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நிலம், பயிர், விலங்கு சார்ந்த கல்லூரிப் படிப்புகள் பற்றிச் சென்ற இதழில் வந்த வழிகாட்டிக் கட்டுரையைப் படித்தேன். உழவியலுக்கு ஒன்றரைப் பக்கம். வனவிலங்கு மேலாண்மைக்குப் பெரிய புலிப் படத்தோடு இரண்டு பக்கம். மேய்ச்சல் நில மேலாண்மைக்குக் கடைசியில் ஒரே வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

பாலைவனப் புதர்க்காடு, மரங்கள் சிதறி நிற்கும் சவன்னாப் புல்வெளி, மலைப்புல்வெளி, மரமே வளராத குளிர்ப்பகுதியான துந்திரா எல்லாவற்றையும் சேர்த்தால் உலக நிலப்பரப்பில் 54 சதவீதம் மேய்ச்சல் நிலம் என்று 2021-இல் வெளியான உலக மேய்ச்சல் நில வரைபடத் தொகுப்பு சொல்கிறது. 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல்காரர்களுக்குமான ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. பாதிக்கும் மேற்பட்ட நிலத்துக்கு ஒரு வரி என்பது கொஞ்சம் குறைச்சல் இல்லையா?

உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. நான் படித்ததே உழவியல்தான். விதை அளவு, உர அளவு, பாசன இடைவெளி எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். ஆனால் எங்கள் வகுப்பில் புல் என்றால் களை. அதை எப்படிக் கொல்வது என்பது மட்டும்தான் பாடம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் தன்னுடைய 20 எக்டேர் புல்வெளியைக் காட்டி, "இதில் எத்தனை மாடு விடலாம்?" என்று கேட்டார். கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. "நாற்பது விடுங்கள், பருவம் முழுக்கத் தாங்கும்" என்று சொல்லிவிட்டேன். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் புல் இருந்த இடமெல்லாம் தரை தெரிந்தது. பச்சை மட்டும் அப்படியே இருந்தது. அது அத்தனையும் மாடு வாய் வைக்காத செடி!

அதற்கான கணக்கை அப்புறம் ஒரு மூத்த அலுவலரிடம்தான் கற்றுக்கொண்டேன். ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பக்கத்துக்கு அரை மீட்டர் உள்ள ஒரு கம்பிச் சட்டம், ஒரு கத்தரி, சில காகிதப் பைகள், ஒரு தராசு. சட்டத்தை நல்ல இடமாகப் பார்த்து வைக்கக் கூடாது; கோடு பிடித்து நடந்து, இத்தனை அடிக்கு ஒரு முறை என்று கால் நிற்கும் இடத்தில் வைக்க வேண்டும். (எங்கே வளமாக இருக்கிறதோ அங்கேதான் கை தானாகப் போகும். அதை அடக்கவே ஒரு வாரம் ஆயிற்று.) உள்ளே இருப்பதைத் தரையோடு வெட்டி, மாடு தின்னாததை ஒதுக்கி, மிச்சத்தை அடுப்பில் உலர்த்தி எடை போட வேண்டும். சராசரியாகச் சட்டத்துக்கு 30 கிராம் வந்தால் எக்டேருக்கு 1,200 கிலோ. அதில் பாதியைத் தொடவே கூடாது. வேர் பிழைக்கவும் மண்ணை மூடவும் அது நிலத்தின் பங்கு. மீதி 600 கிலோ. 450 கிலோ எடையுள்ள ஒரு பசு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 11 கிலோ உலர்தீவனம் தின்னும். 20 எக்டேரில் 40 மாடு விட்டால் 27 நாள் வரும், அவ்வளவுதான். நான் ஒரு பருவம் முழுக்கத் தாங்கும் என்று சொன்ன நிலம் அது.

வனவிலங்கு படிக்கப் போகிற பிள்ளைகள் இது மாட்டுக்காரர் பாடம் என்று நினைத்துவிட வேண்டாம். மான் எதைத் தின்கிறது என்று அறிய, அதன் புழுக்கையைக் கரைத்து நுண்ணோக்கியில் வைத்து, செரிக்காமல் வந்த இலைத்தோல் துணுக்குகளைப் பார்ப்பார்கள். எந்தத் துணுக்கு எந்தப் புல் என்று தெரியாதவருக்கு அங்கே வேலையே இல்லை. புலிப் படத்தைப் பார்த்துச் சேருகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

வேலியையே எடுத்துக்கொள்ளுங்கள். வட அமெரிக்கப் புல்வெளிகளில் ப்ராங்ஹார்ன் என்று மான் போன்ற ஒரு விலங்கு உண்டு. ஓட்டத்தில் அந்தக் கண்டத்தில் அதை மிஞ்ச ஆள் இல்லை, ஆனால் வேலியைத் தாண்டிக் குதிப்பது அரிது. பெரும்பாலும் அடியில் புகுந்துதான் போகும். அதனால் கீழ்க்கம்பியை முள் இல்லாததாக, தரையிலிருந்து ஒன்றேகால் அடிக்கு மேல் கட்டச் சொல்வார்கள். மாட்டுக்கு அது வேலிதான், ப்ராங்ஹார்னுக்கு வழி. அதே மாதிரி ஐரோப்பாவில் கார்ன்கிரேக் என்ற பறவை தீவனத்துக்கு அறுத்து உலர்த்த வளர்க்கும் புல்லுக்குள் கூடு கட்டும். வயலை ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி அறுத்தால் குஞ்சுகள் நடுவில் மாட்டிக்கொண்டு கடைசிச் சுற்றில் சாகும். நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக அறுத்தால் ஓரத்துக்கு ஓடித் தப்பும். இதை எந்தத் துறை சொல்லித் தரும்? அறுவடை உழவியல் பாடம், பறவை வனவிலங்குப் பாடம் என்று பிரித்துவைத்தால் இரண்டு வகுப்பிலும் இது வராது.

இத்தனைக்கும் தொடக்கத்தில் இப்படிப் பிரிந்திருக்கவில்லை. 1933-இல் வனவிலங்கு மேலாண்மையின் முன்னோடியான ஆல்டோ லியோபோல்டுக்கு அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேட்டை விலங்கு மேலாண்மைப் பேராசிரியர் பதவி கொடுத்தபோது அவரை உட்காரவைத்தது வேளாண் பொருளியல் துறையில். ஆள் படித்தது வனவியல்.

இப்போது இன்னொரு வேடிக்கை நடக்கிறது. நான் பார்த்த சில பாடத்திட்டங்களில் களப்பயிற்சி நாட்களைக் குறைத்து, செயற்கைக்கோள் படம், டிரோன் என்று நேரத்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கற்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை; ஆயிரக்கணக்கான எக்டேரை நடந்தே அளக்க முடியாது. ஆனால் அந்தப் படம் பச்சை எவ்வளவு என்றுதான் சொல்லும். அந்தப் பச்சையை மாடு தின்னுமா என்பதை யாராவது குனிந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நான் அன்று வெறுங்கண்ணால் செய்த தப்பை இவர்கள் வானத்திலிருந்து செய்வார்கள்.

எனவே அடுத்த முறை அந்த வழிகாட்டிக் கட்டுரையைப் போடும்போது பட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், உள்ளே என்னென்ன பாடம் என்றும் போடுங்கள். பெயர் ஏமாற்றும். அமெரிக்க அரசில் மேய்ச்சல் நில நிபுணர் வேலைக்குப் பட்டத்தின் பெயரை மட்டும் வைத்து எடுப்பதில்லை. மேய்ச்சல் நிலப் பாடங்களில் 18, செடி, விலங்கு, மண் பாடங்களில் 15, தொடர்புடைய வள மேலாண்மையில் 9 என்று 42 பருவ மதிப்பீட்டு அலகுகளை (செமஸ்டர் கிரெடிட்) எண்ணிப் பார்ப்பார்கள். வனவிலங்குப் படிப்பை முடித்துவிட்டு, மண்ணியல் எடுக்காமல் விட்டோமே என்று பிறகு வருந்துகிறவர்கள் உண்டு. புள்ளியியலும் அப்படித்தான், முதலாண்டில் எல்லோரும் வெறுப்போம், கம்பிச் சட்டம் வைத்து எடை பார்க்கத் தொடங்கியதும் அதைத்தான் தேடுவோம்.

கல்லூரியை நேரில் பார்க்கப் போகிற பெற்றோருக்கும் ஒரு யோசனை. ஆய்வகத்தையும் விடுதியையும் காட்டி முடித்த பிறகு, உலர்த்திய செடிகளை ஒட்டிவைத்திருக்கும் அறை எங்கே, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். என் கல்லூரியில் அப்படி ஓர் அறை இருந்ததே எனக்குப் பட்டமளிப்பு நாளன்றுதான் தெரியும். அன்று நாற்காலிகளை அங்கே அடுக்கியிருந்தார்கள்.

இப்படிக்கு,
பழைய உழவியல் மாணவன்