கணக்கு சார் எழுதச் சொன்ன நன்றி

சாருடைய பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. "நான் போனப்புறம் எல்லாருக்கும் நன்றி சொல்லி எழுதிடு. ஆனா பேர் போடாதே. பத்துப் பேரைப் போட்டா பதினோராவது ஆள் வருத்தப்படுவான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதனால் இதில் யார் பெயரும் இல்லை, அவர் பெயரும் இல்லை. மன்னார்குடியில் அவரிடம் கணக்கு படித்தவர்களுக்கு யாரென்று புரியும்.

முதல் நன்றி செவிலியர் அக்காவுக்கு. 2021 ஆகஸ்ட்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிற திட்டம் என்றுதான் நினைத்திருந்தேன். படுக்கையில் விழுந்தவர்களுக்கு வலியையும் அவதியையும் குறைக்கிற நோய் ஆதரவு சிகிச்சையை வீட்டிலேயே தருவதும் அதில் உண்டு என்பது, புராஸ்டேட்டில் தொடங்கிய புற்றுநோய் சாரின் முதுகெலும்புக்குப் பரவிய பிறகுதான் தெரிந்தது. அக்கா வந்ததும் "பத்துக்கு எவ்வளவு வலி சார்?" என்று கேட்பார். "மூணு. ஃபெயில் மார்க்தான், கவலைப்படாதே" என்பார் சார்.

மூன்றாவது தடவை வந்தபோது அக்கா போர்வையை விலக்கிப் பார்த்தார். உள்ளே சாரின் கை விரிப்பைக் கசக்கிப் பிடித்திருந்தது. "இது மூணு இல்ல சார்." கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மெதுவாக, "எட்டு." அடுப்படியில் இருக்கும் டீச்சரம்மா, அதாவது சாரின் மனைவி, காதில் விழக்கூடாது என்றுதான் அத்தனை நாளும் மூன்றாக இருந்திருக்கிறது. சாயங்காலம் என்னிடம் சொன்னார்: "புரியலேன்னா கையைத் தூக்குங்கடான்னு முப்பத்தொரு வருஷம் கத்தினேன். எனக்கு வந்தப்ப நான் தூக்கல பாரு."

அதன் பிறகுதான் மார்ஃபின், கடுமையான வலிக்குக் கொடுக்கிற மாத்திரை. எழுதிக் கொடுத்த அரசு ஆஸ்பத்திரி டாக்டருக்கு நன்றி. நான் ஏறி இறங்கிய மருந்துக்கடை எதிலும் அது இல்லை. 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து பல ஆஸ்பத்திரிகளே அதை வாங்கி வைக்கத் தயங்கின என்றும், 2014இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் உரிமம் வாங்குவது லேசானது என்றும் டாக்டர் சொன்னார். வலி வரட்டும் என்று காத்திருக்காமல் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும், கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து. "போதைக்கு அடிமையாயிடுவாரே" என்று பயந்த பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு, வலிக்கு அளந்து கொடுத்தால் அப்படி ஆவது ரொம்ப அபூர்வம் என்று அக்கா பொறுமையாக விளக்கினார். சார் தன் பங்குக்கு ஒரு பழைய நோட்டில் ஆறு, பத்து, இரண்டு என்று டைம்டேபிள் போட்டுக் கொடுத்தார். மாத்திரை நேரத்துக்கு அவர் வைத்த பெயர் பீரியட்.

ராத்திரி முறை வைத்து வந்த பழைய மாணவர்களுக்கும், கேட்ட நேரத்துக்கெல்லாம் வந்து நின்ற ஆட்டோக்காரத் தம்பிக்கும் நன்றி. படுக்கைப்புண் வராமல் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பது சொல்லச் சுலபம். ராத்திரி இரண்டரை மணிக்குச் செய்து பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு ஆளைப் பற்றித் தயங்கித்தான் எழுதுகிறேன். ஆனால் அவரே "எழுதுண்ணே" என்றுவிட்டார். ஊரில் சலூன் வைத்திருப்பவர். ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ரா வராமல் நின்றபோது, "உனக்கு எதுக்குடா எக்ஸும் ஒய்யும், கத்தியைப் பிடிக்கத்தானே போறே" என்று நாற்பது பேர் முன்னால் சார் கேட்டிருக்கிறார். நல்ல வாத்தியார் என்று ஊரே சொல்கிற மனிதர் சொன்ன வார்த்தை அது. சவரம் செய்ய வரச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார். வந்தவர் நுரையைத் தடவிக் கத்தியை எடுத்ததும், சார் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு நான் சொன்னது தப்புடா. மன்னிச்சுக்கோ." அவர் "அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன் சார்" என்றார். "பொய் சொல்றே. சொன்ன எனக்கே மறக்கல." அவர் பதில் பேசவில்லை. சவரத்தை முடித்து, படிகாரம் தேய்த்து, துண்டை உதறி மடித்து வைத்துவிட்டு, வாசலுக்குப் போய் ரொம்ப நேரம் நின்றார். மன்னித்தாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் கடைசி வரை வாராவாரம் வந்தார்.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ.வில் சேர்த்தால் இன்னும் கொஞ்ச நாள் இழுக்கலாம் என்றார்கள். நான் ஆம்புலன்ஸுக்கே சொல்லிவிட்டேன். சார் என்னைக் கூப்பிட்டார். "கணக்கு முடிஞ்சப்புறமும் அடிஷனல் ஷீட் வாங்கி எழுதிட்டே இருப்பியே, இன்னும் அந்தப் புத்தி போகலையா?" எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் போனபோது "வா, மாத்திரை பீரியட்" என்றார், அவ்வளவுதான். அந்த இரண்டு நாள் இப்போது திரும்பக் கிடைத்தால் தேவலை.

விடியற்காலையில் போனார். கண் தானத்துக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார். 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டுமாம். ஃபேனை நிறுத்தி, இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொன்னார்கள். அழுகைக்கு நடுவிலும் பஞ்சு காயாமல் பார்த்துக்கொண்டது டீச்சரம்மாதான். சொன்ன நேரத்துக்கு வந்த கண் வங்கிக்காரர்களுக்கு நன்றி. அம்மாவுக்கு நான் எழுதி முடிக்கிற நன்றி இல்லை.

மிச்சமிருந்த மார்ஃபினை எண்ணி ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஏர் பெட்டும் சக்கர நாற்காலியும் சார் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன. தேவைப்படுகிறவர்கள் யோசிக்காமல் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். ஏர் பெட்டின் மோட்டார் மட்டும் கொஞ்சம் சத்தம் போடும். கீழே ஒரு சாக்கை மடித்துப் போட்டால் சரியாகிவிடும்.