சாக்கும் பசையும்

அம்மாபேட்டைக்காரர்களுக்கும் ஏற்காட்டு அண்ணனுக்கும் வணக்கம்.

போன மாதத்தோடு மேடையை நிறுத்திவிட்டேன். வயது 34. பாலே என்கிற மேற்கத்திய நடனம் ஆடுகிறவர்களில் பலரும் முப்பதுகளின் நடுவில் நிறுத்துவதுதான் வழக்கம், அதனால் யாரும் வருத்தப்பட வேண்டாம். ஊருக்கு வந்து இறங்கியதும், கால்விரல் நுனியில் நின்று ஆடப் போடும் ஷூவைப் பற்றி, "அந்த ஷூவுக்குள்ள கட்டையா வெச்சிருக்காங்க?" என்று நாலு பேராவது கேட்டுவிட்டார்கள். இதற்குப் பதில் தெரிந்த முதல் ஆள் நான் இல்லை, எங்கள் தெருமுனையில் செருப்புத் தைக்கும் அண்ணன். என் பழைய ஜோடி ஒன்றைக் கையில் வாங்கியதும் பேசாமல் கத்தியால் நெடுக அறுத்துப் பார்த்துவிட்டு, "சாக்குத் துணியும் காகிதமும் பசையும்தான்மா, இதுக்கா இவ்ளோ விலை!" என்றார். நிஜம்தான். வியர்வை பட்டால் அந்தப் பசை இளகும், பெரிய வேஷம் ஆடுகிறவர்களுக்கு ஒரே ராத்திரியில் ஒரு ஜோடி போய்விடும். எனக்கு அவ்வளவு வசதி ஏது? மரத்துக்குப் பாலிஷ் போடும் பக்கத்து வீட்டு மாமாதான் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து உள்ளே தடவக் கொடுத்தார் (உலகம் முழுக்க இதே வைத்தியம்தான் என்று பிறகுதான் தெரிந்தது). நுனி நூல் பிரிந்தால் அத்தை உட்கார்ந்து சுற்றிலும் காஜா தையல் போட்டுத் தருவார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து.

பரதநாட்டிய டீச்சருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அரைமண்டியில் (முட்டி மடக்கிப் பாதி உட்காரும் நிலை) முட்டியைத் திருகாமல் இடுப்பிலிருந்து தொடையைத் திருப்பச் சொல்லி எட்டு வருஷம் அடித்துச் சொல்லிக் கொடுத்தவர். பாலேவிலும் முதல் பாடம் அதுதான், முட்டியைத் திருகினால் மூட்டு போச்சு. "பூமியைத் தட்டி ஆடுறதை விட்டுட்டு மேல மேல போறியே" என்று அவருக்கு என் மேல் கோபம். ஆனாலும் அப்பா முடியாது என்றபோது, கலாக்ஷேத்ராவை 1936ல் தொடங்கிய ருக்மிணி தேவியே ரஷ்ய பாலே நடனக்காரி அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்தவரிடம் பாலே கற்றவர்தான், பாவ்லோவா சொல்லித்தான் நம்ம ஆட்டத்தின் பக்கமே திரும்பினார் என்று வாதாடியது அவர்தான். அப்பா கொலுசுப் பட்டறையில் பற்றவைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, சரி போகட்டும் என்றார்.

தரைதான் பெரிய தொல்லை. மொசைக்கிலும் கிரானைட்டிலும் குதித்தால் அதிர்ச்சி முழுக்க எலும்புக்கு. வாடகை தருகிறோம் என்று சொல்லியும், 'வெள்ளைக்கார டான்ஸுக்கு' இடமில்லை என்று ஒரு மண்டபக்காரர் சொல்லிவிட்டார். அப்போதுதான் ஏற்காட்டில் பழைய பங்களாவைப் பார்த்துக்கொண்ட அண்ணன் ஞாயிறுகளில் கூடத்தைத் திறந்துவிட்டார். அடியில் உத்திரம் போட்டுப் பலகை பரப்பிய தரை, குதித்தால் லேசாக அமுங்கி எழும். இருபது கொண்டை ஊசி வளைவையும் வாந்தி எடுக்காமல் தாண்டி நான் போய்ச் சேர்வதற்குள் மிளகு மூட்டைகளை ஓரமாக நகர்த்தி வைத்திருப்பார். ஜன்னல் கட்டைதான் பிடித்துக்கொள்ளும் கம்பி. வெளிநாட்டில் நல்ல தரையில் ஆடியபோதெல்லாம் எனக்கு மிளகு வாசனை வந்தது, சத்தியமாக.

வெளிநாட்டில் ஆடியது பதின்மூன்று வருஷம். இடையில் பாதத்தில் கீறல் முறிவு, ஆறு மாதம் வீட்டில். 'அன்னப் பொய்கை' (Swan Lake) என்ற பாலேயில் 32 தடவை ஒற்றைக் காலில் சுழல்கிறவள் நான் இல்லை, பின்னால் வரிசையில் நிற்கும் அன்னங்களில் ஒருத்தி. சுழல்வதைவிட அசையாமல் நிற்பது கொடுமை, கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். வீடியோ பார்த்த அப்பா, "இடமிருந்து நாலாவது, பாதத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிட்டேன்" என்றார். நான் ஆறாவது. சொல்லவில்லை.

செருப்புக் கடை அண்ணா, கடைசி ஜோடி என் பையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கொண்டு வருகிறேன், நுனிக்கு ஒரு தோல் ஒட்டு மட்டும் போட்டுக் கொடுங்கள். இதை அறுத்துடாதீங்க.