பஜ்ஜிப் பொட்டலத்தில் வந்த ஆதார்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு சாயங்காலம், நம் ஜெராக்ஸ் கடைக்கு நாலு கடை தள்ளி இருக்கும் டீக்கடையில் பஜ்ஜி வாங்கினேன். சுற்றிக் கொடுத்த தாளைப் பிரித்தால் யாரோ ஒருவருடைய ஆதார் நகல். எண்ணெய் ஊறி முகம் மங்கிவிட்டது. 12 எண்ணும் மட்டும் பளிச்சென்று இருந்தன. தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை மெல்லிய கறுப்புக் கோடு. எங்கள் பழைய மெஷினின் டிரம்மில் கீறல் விழுந்தபோது எல்லா நகலிலும் வந்த அதே கோடு.

டீக்கடைக்காரர்மேல் தப்பில்லை. கோணலாக விழுந்தது, மங்கலாக வந்தது என்று நாங்கள் ஒதுக்கிய நகல்களை பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டிருக்கிறோம். அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் இந்த மடல். கையோடு, இத்தனை வருஷம் தாலுகா ஆபீஸ் எதிரில் உட்கார்ந்து பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கடை விஷயம். இனி கெட்டுப்போன நகலும் உங்கள் கைக்கே வரும். வேண்டாம் என்றால் உங்கள் கண் முன்னாலேயே கிழித்துப் போடுவோம். வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஃபைலை ப்ரின்ட் எடுத்ததுமே அழித்துவிடுவோம். உங்கள் போனில் நீங்கள் அழித்தால் மட்டும் போதாது, கடைக் கம்ப்யூட்டரில் இறங்கிய ஃபைல் அங்கேயேதான் கிடக்கும். எந்தக் கடைக்குப் போனாலும் “டவுன்லோட்ஸ்ல இருந்தும் அழிச்சிட்டீங்களா?” என்று கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

“ஒரு ஜெராக்ஸை வச்சு என்ன பண்ணிடுவாங்க?” என்று பலர் கேட்கிறீர்கள். நகலை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாது, வாஸ்தவம். ஆனால் உங்கள் பெயர், அப்பா பெயர், தெரு, பிறந்த தேதி எல்லாவற்றையும் ஒருவன் போனில் கடகடவென்று ஒப்பித்தால், பேங்கிலிருந்துதான் பேசுகிறான் என்று உங்களுக்கே தோன்றிவிடும். பாதி வேலை அதிலேயே முடிந்தது. மற்றபடி, நகலை வைத்து சிம் வாங்குவது, ஆன்லைனில் கடன் எடுப்பது, கூலி வேலைக்குப் போகிறவர் பெயரில் கம்பெனி தொடங்கி அவர் வீட்டுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் வரவைப்பது எல்லாம் நீங்களே செய்தியில் படித்திருப்பீர்கள்.

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், கண்ட இடத்தில் நகல் கொடுக்காதீர்கள் என்று அறிக்கை விட்டது. ஜனங்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று சொல்லி இரண்டே நாளில் அதை வாபஸ் வாங்கினார்கள். நாள் முழுக்க நகல் எடுக்கும் எனக்கு என்னமோ அந்த முதல் அறிக்கைதான் சரி என்று படுகிறது. ஆதார் தளத்திலிருந்து கார்டை இறக்கும்போது ‘மாஸ்க்டு ஆதார்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால் முதல் 8 எண் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். லாட்ஜில் கொடுக்க, கூரியரில் காட்ட அது போதும். முழு நகல்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிற இடமென்றால், யாருக்கு, எதற்கு, என்ன தேதி என்று எழுத்துகளின் மேலேயே படுகிற மாதிரி குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஓரத்தில் எழுதினால் கத்திரிக்கோல் போதும்.

அப்புறம் கிரெடிட் கார்டு. சில மாதம் முன்பு ஒரு பெரியவர் வந்து, கார்டை இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் போடச் சொன்னார்.

“எதுக்குங்கய்யா?”

“லிமிட் ஏத்தித் தராங்களாம் தம்பி. ரெண்டு பக்கமும் அனுப்பச் சொல்லி போன் வந்துச்சு.”

நான் போடவில்லை. அவருக்குக் கோபம்தான். இரண்டு ரூபாய் வியாபாரத்துக்கு இவ்வளவு கேள்வியா என்றார். முன்பக்கத்து எண், காலாவதி தேதி, பின்பக்கத்து மூன்று எண் இவ்வளவும் கிடைத்தால், நம் ஊர் தளங்களாவது ஓடிபி கேட்கும். வெளிநாட்டுத் தளங்கள் பல அதைக்கூடக் கேட்பதில்லை. பேங்க் ஆப்பைத் திறந்து ‘இன்டர்நேஷனல்’ என்று இருப்பதை ஆஃப் செய்து காட்டியதும்தான் பெரியவர் சமாதானமானார். இந்த ஆன்-ஆஃப் வசதியைத் தரச் சொல்லி ரிசர்வ் வங்கி 2020-லேயே உத்தரவு போட்டுவிட்டது. வேண்டும்போது திறந்து, வேலை முடிந்ததும் மூடிக்கொள்ளலாம்.

பணம் போய்விட்டால் அழுதுகொண்டு நிற்க நேரமில்லை. உடனே பேங்குக்குச் சொல்லி கார்டை பிளாக் செய்யுங்கள். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கும் அடியுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கி சுற்றறிக்கைப்படி, பேங்க் மேலும் உங்கள் மேலும் தப்பில்லாமல் போன பணம் என்றால், பேங்கிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டமில்லை. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் செய்கிறவரை போனது உங்கள் தலையில். புகாருக்குப் பிறகு போனால் பேங்கின் பொறுப்பு. வெட்கப்பட்டு ஒரு நாள் மறைத்து வைப்பது எவ்வளவு செலவு என்று இதிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று சிபில் என்கிற கடன் விவர அறிக்கை காட்டிக்கொடுக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை அது இலவசம். இரண்டையும் வீட்டிலிருந்தே போனில் பார்த்துவிடலாம், நம் கடைக்கு வர வேண்டியதில்லை. (வியாபாரத்துக்கு நஷ்டம்தான், இருக்கட்டும்.)

கடைசியாக ஒன்று. மெஷின் மூடிக்கு அடியில் நீங்கள் மறந்துவிட்டுப் போன ஒரிஜினல்கள் என் டிராயரில் ஏழு இருக்கின்றன: நாலு ஆதார், ஒரு பான் கார்டு, ஒரு ரேஷன் கார்டு, ஒரு பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். வேறு ஏதாவது ஒரு அடையாளத்தைக் காட்டி வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை 9 முதல் இரவு 8 வரை கடையில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் ஜெராக்ஸ் கடைக்காரர்