‘ரீடிங் ரெயின்போ’வின் பழைய பகுதிகளைத் திறந்துவிடுங்கள்

அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ் நிர்வாகத்தினருக்கும், ‘ரீடிங் ரெயின்போ’ என்ற சிறுவர் வாசிப்புத் தொடரின் தயாரிப்பில் பங்கேற்ற பஃபலோ நகர நிலையத்தினருக்கும் வணக்கம்.

கோடை விடுமுறையில் புத்தகத்தைத் தொடாத பிள்ளைகள், பள்ளி திறக்கும்போது வாசிப்பில் பின்தங்கிவிடுகிறார்கள் என்ற கவலையில் பிறந்ததுதான் 1983 ஜூலையில் தாங்கள் ஒளிபரப்பத் தொடங்கிய ‘ரீடிங் ரெயின்போ’. வாசிப்பைக் கெடுப்பதாகப் பழி சுமந்த தொலைக்காட்சியைக் கொண்டே பிள்ளைகளை நூலகத்துக்கு அனுப்பலாம் என்று நெப்ராஸ்கா மாநிலக் கல்வியாளர் ட்வைலா லிகெட்டும் அவருடைய குழுவினரும் எண்ணியது துணிச்சல்தான்.

படக்கதையின் அசையாத ஓவியங்கள்மீது கேமரா மெல்ல நகர, பின்னணியில் ஒருவர் கதையை வாசிப்பார். பிறகு தொகுப்பாளர் லெவார் பர்ட்டன் அக்கதையோடு தொடர்புடைய ஓர் இடத்துக்கு அழைத்துச் செல்வார். தாம் நடித்துக்கொண்டிருந்த ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளித் தொடரின் படப்பிடிப்புத் தளத்துக்கே கூட்டிச்சென்று, ஒப்பனையும் காட்சித் தந்திரங்களும் நடக்கும் விதத்தை ஒருமுறை காட்டினார். இறுதியில், தம் சொல்லை நம்ப வேண்டியதில்லை என்று அவர் ஒதுங்கிக்கொள்ள, சிறுவர்களே கேமராவைப் பார்த்துத் தமக்குப் பிடித்த புத்தகங்களைப் பரிந்துரைப்பார்கள். அந்தக் கடைசிச் சில நிமிடங்களுக்கு இணையான ஒன்றைச் சிறுவர் நிகழ்ச்சிகளில் நான் கண்டதில்லை.

2006-இல் புதிய பகுதிகளும், 2009 ஆகஸ்டில் மறுஒளிபரப்பும் நின்றன. ஒளிபரப்பு உரிமையைப் புதுப்பிக்கத் தேவைப்பட்ட சில லட்சம் டாலரைத் தர எவரும் முன்வரவில்லை. எழுத்தொலியும் எழுத்துக்கூட்டலும் கற்பிக்கும் நிகழ்ச்சிகளுக்கே நிதி என்று கொள்கை மாறியிருந்ததாக அப்போது விளக்கம் தரப்பட்டது. எப்படி வாசிப்பது என்று கற்பிப்பதையும், எதற்காக வாசிப்பது என்று உணர்த்துவதையும் எதிரெதிரே நிறுத்தி ஒன்றைக் கைவிட்ட அந்த முடிவு தவறானது என்றே கருதுகிறேன். 2014-இல் பர்ட்டன் இணையத்தில் 10 லட்சம் டாலர் கேட்டபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் 50 லட்சத்துக்கு மேல் தந்தார்கள். அதுவும் பழைய பகுதிகளுக்காக அல்ல, புதிய இணையப் பதிப்புக்காக!

ஒவ்வொரு பகுதியிலும் எழுத்தாளர், ஓவியர், பதிப்பகம், வாசித்த நடிகர் எனப் பலரின் உரிமைகள் பின்னிக் கிடக்கின்றன என்பதையும், 2025-இல் பொது ஒளிபரப்புக்கான 110 கோடி டாலர் கூட்டாட்சி நிதி ரத்தானபின் தங்கள் கை இறுகியிருப்பதையும் அறிவேன். ஆகவே 155 பகுதிகளையும் ஒரே நாளில் கேட்கவில்லை. எந்தப் பகுதி யாருடைய அனுமதிக்காகக் காத்திருக்கிறது என்ற பட்டியலை முதலில் வெளியிடுங்கள். சிக்கல் இல்லாதவற்றை நூலகங்களும் வீடுகளும் கட்டணமின்றிப் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றுங்கள். எஞ்சியவற்றுக்கு ஆகும் தொகையைப் பொதுமக்களிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகர்