புத்தகத்துக்கு எங்கும் ஒரே விலை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசியிலும் கிண்டிலிலும் படிக்கும் பழக்கம் பெருகியதால்தான் ஊர்ப் புத்தகக் கடைகள் மூடப்படுகின்றன என்று பலரும் சொல்லிவருகிறார்கள். மதுரையில் நாற்பது ஆண்டுகளாகப் புத்தகம் வாங்கிவருபவன் என்ற முறையில், அது பாதி உண்மைதான் என்று சொல்ல விரும்புகிறேன். கண்புரை அறுவைக்குப் பிறகு நானும் எழுத்தைப் பெரிதாக்கித் திரையில்தான் அதிகம் படிக்கிறேன். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இலவசமாக இணையத்தில் ஏற்றியிராவிட்டால், அவற்றில் பலவற்றை நான் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டேன். நான் வழக்கமாகப் போகும் கடைக்காரரை நலியச் செய்தது திரை அன்று. அவர் விற்கும் அதே அச்சுப் புத்தகத்தை, அவர் கொள்முதல் செய்யும் விலைக்குப் பக்கத்திலேயே, வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கும் இணைய வணிகம்தான்.

அந்தக் கணக்கு எளிது. பதிப்பகம் அட்டை விலையில் குறைத்துத் தரும் கழிவுதான் கடைக்காரரின் முழு வருவாய். வாடகை, மின்கட்டணம், உதவியாளர் சம்பளம், பார்சல் செலவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது நல்ல செய்திபோலத் தோன்றும். ஆனால் வரி பதிவு பெற்ற உரிமையாளரின் கட்டடத்தில் கடை இருந்தால் வாடகை மீது 18 விழுக்காடு வரி கட்ட வேண்டும். விற்கும் பொருளுக்கு வரி இல்லாததால் அதை ஈடுகட்டிக்கொள்ளவும் வழியில்லை. இந்த நிலையில் புத்தகக் காட்சியின் 10 விழுக்காட்டுத் தள்ளுபடியைக் கொடுப்பதே அவருக்குப் பெரும்பாடு. பல வணிகம் செய்யும் பெரிய நிறுவனமோ புத்தகத்தில் வந்த நட்டத்தை வேறு பொருளில் எடுத்துக்கொள்ளும். புத்தகம் மட்டுமே விற்பவருக்கு அந்த வழி கிடையாது.

கடை போனால் என்ன போகிறது என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபத்தில், தையல்காரர்களுக்கும் பாத்திரக் கடைகளுக்கும் நடுவில், புத்தகக் கடைகள் இருந்தன. பஞ்சாங்கம், பெரிய எழுத்துக் கதைகள், பள்ளிப் புத்தகம், நிகண்டு எல்லாம் ஒரே அடுக்கில் கிடக்கும். மாணவனாக இருந்தபோது இலக்கண உரை ஒன்றைக் கேட்டு அங்கே நின்றேன். கடைக்காரர் அதைக் கையில் கொடுத்துவிட்டு, “இதோட பழைய பதிப்புல அடிக்குறிப்பு இருக்கு தம்பி, ரெண்டு வாரம் பொறுங்க” என்றார். சொன்னபடியே தேடி எடுத்து வைத்திருந்தார். பணத்தை அடுத்த மாதம்தான் கொடுத்தேன். அந்த மண்டபத்தைப் பாதுகாக்க வேண்டிக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியதைக் குறை சொல்லமாட்டேன். அந்தச் சிற்பங்களுக்கு அது தேவைதான். ஆனால், தெரிந்த புத்தகத்தைத் தேடுபவனுக்கு இணையம் போதும். தெரியாத புத்தகத்தை நம் கையில் எடுத்து வைப்பதற்கு அப்படி ஒரு மனிதர் வேண்டும் என்பதை எண்ணும்போது மனம் வலிக்கிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பிரான்ஸ் நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி புத்தகத்தின் விலையைப் பதிப்பாளரே முடிவுசெய்கிறார். புதுப் புத்தகத்துக்கு எந்த விற்பனையாளரும் 5 விழுக்காட்டுக்கு மேல் தள்ளுபடி தர முடியாது. அஞ்சல் கட்டணத்தைத் தள்ளிவிட்டு அந்தச் சட்டத்தைச் சிலர் சுற்றிச் சென்றதால், 35 யூரோவுக்குக் குறைவாகப் புத்தகம் வரவழைப்போரிடம் குறைந்தது 3 யூரோ அனுப்புகூலி வாங்க வேண்டும் என்று 2023இல் விதித்தார்கள். வாசகருக்கு மலிவு விலை போய்விடுமே என்று கேட்கலாம். பெரிய தள்ளுபடி தர வேண்டிய கட்டாயம் வரும்போது, அதை ஈடுகட்ட அட்டை விலைதான் ஏறும். அந்தத் தள்ளுபடி நம் பணத்திலிருந்தே வருகிறது என்பது என் கருத்து.

இங்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும், ஆனால் அது வர நாளாகும். மாநில அரசு இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி நாம் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம். மாவட்டந்தோறும் புத்தகக் காட்சி நடத்தும் அரசைப் பாராட்டுகிறேன். ஆனால் காட்சி பத்து நாளில் முடிந்துவிடும், கடைக்காரர் மீதி நாட்களிலும் கடையைத் திறந்து வைக்க வேண்டும். ஆகவே அந்தந்த ஊரில் திரளும் நூலக வரியில் பத்தில் ஒரு பங்கையாவது, அந்த ஊர்க் கடைகளிலேயே நூலகரும் பள்ளி ஆசிரியர்களும் நேரில் தேர்ந்து வாங்கும் புத்தகங்களுக்குச் செலவிட ஆணையிடுமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மதுரை.