ஆச்சினில் குண்டு விழுந்த மறுநாளிலிருந்து...

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 2017-இல் ஆப்கானிஸ்தானின் ஆச்சினில் ஐஎஸ் பயங்கரவாதிகள் மேல் அமெரிக்கா போட்ட ராட்சதக் குண்டைப் பற்றி, சென்ற இதழில் வந்த ‘குண்டுகளின் தாய்’ கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் நிறைய உழைத்திருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் ‘ஒரே அடியில் பயங்கரவாதிகளின் கோட்டை தரைமட்டம், நம்மிடமும் இப்படி ஒன்று இருந்தால் எல்லைத் தொல்லை பாதி தீர்ந்துவிடும்’ என்று முடித்திருக்கிறாரே, அங்கேதான் எனக்கு இடித்தது. 2017 ஏப்ரல் 13-ஆம் தேதி இரவோடு கதையை நிறுத்திவிட்டார். மறுநாளிலிருந்து அங்கே என்ன நடந்தது என்பதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

முதலில் குண்டு. நான் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆயுத நிபுணன் அல்ல. வெடிமருந்து எப்படி வேலை செய்யும் என்பது மட்டும் கொஞ்சம் தெரியும். பாறையை உடைக்க வேண்டுமென்றால் துளை போட்டு, அடியில் மருந்தை இறக்கி, மேலே மண்ணைக் கொட்டி இறுக்கி அடைப்போம். அடைப்பு சரியில்லை என்றால் சத்தம் ஊரைத் தூக்கும், கல் அசையாது; பலமெல்லாம் காற்றோடு போய்விடும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் சத்தத்தை வைத்தே வெடி நன்றாக வந்தது என்பார்கள். பழைய ஆட்கள் புகை அடங்கும்வரை இருந்து, இறங்கிப் போய்க் கல்லைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார்கள்.

ஆச்சினில் போட்ட ஜிபியு-43 ‘மலையைத் துளைத்து உள்ளே போய் வெடித்தது’ என்று கட்டுரை சொல்கிறது. அப்படி இல்லை. துளைத்துப் போகும் ரகம் வேறு. 2025 ஜூனில் ஈரானின் ஃபோர்டோ அணு நிலையம் மீது போட்டார்களே, அந்த ஜிபியு-57. அதற்குக் கனத்த எஃகு உறை. ஆச்சின் குண்டுக்கு இருப்பது மெல்லிய அலுமினிய உறைதான். மொத்த எடை சுமார் 9,800 கிலோ, அதில் 8,500 கிலோ வெறும் மருந்து. நீளம் 9 மீட்டர். போர் விமானத்தில் மாட்ட முடியாது. சரக்கு விமானத்தின் பின்கதவைத் திறந்து, பாராசூட்டால் இழுத்து வெளியே தள்ளுகிறார்கள். செயற்கைக்கோள் வழிகாட்ட வந்து, தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே வெடிக்கிறது. அந்த அழுத்த அலை சுரங்க வாய்களுக்குள் புகுந்து உள்ளே இருப்பவர்களைக் கொல்லும், மேலோட்டமாக வெட்டிய குகைகளை இடிக்கும். ஆழத்தில் கெட்டிப் பாறைக்குள் இருப்பவனை அது என்ன செய்யும் என்பதில் என் போன்றவனுக்குச் சந்தேகம் உண்டு.

விலையையும் திருத்த வேண்டும். ஒரு குண்டு 1 கோடியே 60 லட்சம் டாலர் என்று போட்டிருக்கிறீர்கள். அப்போதே இணையத்தில் சுற்றிய கணக்கு அது. அமெரிக்க விமானப்படை சொன்னது சுமார் 1,70,000 டாலர். எங்கே அந்தத் தொகை, எங்கே இது!

இதை 2003 மார்ச்சில் ஃபுளோரிடாவின் எக்ளின் தளத்தில் சோதித்தார்கள். இராக் போர் தொடங்கப்போகிற நேரம். சதாமின் படையை மிரட்டுவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. இராக்கில் போடவே இல்லை. 14 வருடம் கிடங்கில் கிடந்தது. அதற்கு முந்தைய அண்ணன் ‘டெய்சி கட்டர்’, 6,800 கிலோ. வியட்நாமில் ஹெலிகாப்டர் இறங்கக் காட்டை அழிக்கப் பயன்பட்டது. 2001 டிசம்பரில் அதைத் தோரா போராவில் போட்டார்கள். பின்லேடன் மலையைத் தாண்டிப் பாகிஸ்தானுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். தோரா போராவும் ஆச்சினும் ஒரே நங்கர்ஹார் மாகாணத்தில், ஒரே ஸ்பின் கர் மலைத்தொடரில்தான் இருக்கின்றன. தோரா போரா என்ற பெயரை மறந்துவிடாதீர்கள், மறுபடி வரும்.

நான் ஐஎஸ் ஆட்களுக்காகப் பரிந்து பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். 2015-இல் அதே பகுதியின் ஷின்வாரி இனப் பெரியவர்களைப் பிடித்து, கண்ணைக் கட்டி, வெடிமருந்து புதைத்த மண்ணின் மேல் வரிசையாக உட்காரவைத்து வெடிக்கச் செய்து, அதைப் படம் பிடித்து வெளியிட்ட கூட்டம் அது. 2017 ஏப்ரல் 8 அன்று அமெரிக்கச் சிறப்புப் படை வீரர் ஒருவர் நங்கர்ஹாரில் செத்துப்போனார். பள்ளத்தாக்கு முழுக்கக் கண்ணிவெடி, குகை, சுரங்கம். தன் ஆட்களையும் ஆப்கன் வீரர்களையும் அதற்குள் நடக்கவிட்டுச் சாகக் கொடுக்காமல் இந்தக் குண்டைப் போட்டேன் என்று அங்கிருந்த அமெரிக்கத் தளபதி நிக்கல்சன் சொன்னார். சரி. அந்த ஒரு நாளைக்கு அது நியாயமான ராணுவ முடிவாகவே இருக்கலாம். என் சண்டை அவரோடு அல்ல, ‘தரைமட்டம்’ என்று எழுதியவரோடு.

செத்தவர்கள் எத்தனை பேர்? ஆப்கன் அதிகாரிகள் முதலில் 36 என்றார்கள், இரண்டு நாளில் 90-ஐத் தாண்டியது. அமெரிக்கா தன் பங்குக்கு எண்ணிக்கையே சொல்லவில்லை. சுரங்கத்தைத் தோண்டிப் பிணங்களை எண்ணுவது வீரர்களின் நேரத்துக்குச் செய்யும் நல்ல வேலை அல்ல என்கிற மாதிரிப் பதில் சொன்னார் அப்போதைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மேட்டிஸ். பத்திரிகையாளர்களையும் அந்த இடத்துக்கு விடவில்லை. ஆக, இறங்கிப் போய்க் கல்லைப் பார்த்தவர் யாரும் இல்லை. முன்னாள் அதிபர் ஹமித் கர்சாய், எங்கள் நாட்டை ஆயுதச் சோதனைக்கூடமாக்குகிறார்கள் என்று கொதித்தார். அப்போதைய அரசோ எங்களைக் கேட்டுத்தான் செய்தார்கள் என்றது.

நம் பக்கத்தில் வேறு ஒரு கூத்து. 2016-இல் காசர்கோடு, பாலக்காடு பகுதிகளிலிருந்து ஐஎஸ்ஸில் சேரப்போனவர்கள் நங்கர்ஹாரில்தான் இருந்தார்கள். குண்டு விழுந்ததும் ‘13 இந்தியர்கள் பலி’ என்று டிவிக்காரர்கள் ஓட்டினார்கள். யார், எவர் என்று உறுதி செய்ய ஆள் இல்லை. அதன் பிறகும் வெவ்வேறு தாக்குதல்களில் செத்ததாக ஒவ்வொரு பெயராக வந்துகொண்டே இருந்தது. போன பெண்களில் சிலர் 2019-இல் குழந்தைகளோடு சரணடைந்து காபூல் சிறைக்குப் போனார்கள். இங்கே பெற்றவர்கள் கோர்ட் வாசலில் நின்றார்கள்.

இப்போது மறுநாள் கதை. குண்டு விழுந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதே மொமந்த் பள்ளத்தாக்கில் அமெரிக்க, ஆப்கன் சிறப்புப் படையினர் ராத்திரியில் நடந்து போய்ச் சண்டை போட்டார்கள். ஐஎஸ்ஸின் ஆப்கன் கிளையான ஐஎஸ் கொராசானின் தலைவர் அப்துல் ஹசீப் அதில்தான் செத்தார். அமெரிக்க ரேஞ்சர் வீரர்கள் இரண்டு பேரும் கூடவே செத்தார்கள். ஹசீபுக்கு முன்னால் தலைவராக இருந்த ஹாஃபிஸ் சயீத் கான் (நமக்குத் தெரிந்த லஷ்கர் ஆள் அல்ல, இவர் வேறு) 2016-இல் டிரோன் தாக்குதலில் போனவர். பின்னால் வந்த அபு சயீத் 2017 ஜூலையில் குனார் மாகாணத்தில். மூன்று தலைவர்கள் அடுத்தடுத்துப் போனார்கள். ஒருவரும் இந்தக் குண்டில் போகவில்லை.

2017 ஜூனில் ஐஎஸ் கூட்டம் தோரா போராவையே தாலிபானிடமிருந்து பிடித்தது. ‘தரைமட்டம்’ ஆகி இரண்டு மாதத்தில்!

மே 31-ஐயும் சொல்ல வேண்டும். காபூலில் ஜெர்மன் தூதரகம் பக்கம் ஒரு கழிவுநீர் டேங்கர் லாரி வெடித்தது. உள்ளே 1,500 கிலோ மருந்து. 150 பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஜனங்கள். ஆப்கன் உளவுத்துறை தாலிபானோடு சேர்ந்த ஹக்கானி குழுவைச் சொன்னது, ஐஎஸ்ஸை அல்ல. மருந்தின் கணக்கைப் பாருங்கள். ஏப்ரலில் வானத்திலிருந்து விழுந்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சரக்கு விமானம் வேண்டாம், செயற்கைக்கோள் வேண்டாம், டிரைவர் ஒருவன் போதும். கனத்தில் போட்டி போட்டு இவர்களை ஜெயிக்க முடியாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

நங்கர்ஹாரில் ஐஎஸ் உண்மையில் சரிந்தது 2019 கடைசியில். ஆப்கன் ராணுவமும் அமெரிக்க விமானங்களும் ஒரு பக்கம், ஊர்க்காரர்களின் படைகள் கூடவே, தாலிபான் தனியாக இன்னொரு பக்கம் என்று மாதக்கணக்கில் நெருக்கி, வழியை அடைத்து, பட்டினி போட்டு வெளியே கொண்டுவந்தார்கள். நூற்றுக்கணக்கில் குடும்பத்தோடு வந்து சரணடைந்தார்கள். பிடித்த ஊர்களில் ஆள் நின்றது, அதனால் பலன் கிடைத்தது. அப்படியும் எஞ்சியவர்கள் நகரங்களுக்குள் போய்விட்டார்கள். 2021 ஆகஸ்டில் காபூல் விமான நிலைய வாசலில் வெடித்துச் சுமார் 170 ஆப்கானியரையும் 13 அமெரிக்க வீரர்களையும் கொன்றது இவர்கள்தான். 2024 மார்ச்சில் மாஸ்கோ குரோக்கஸ் அரங்கில் 140 பேருக்கு மேல் கொன்றதும் இதே கொராசான் கிளைதான் என்கிறது அமெரிக்கா.

அப்புறம், சுரங்கத்துக்காரன் என்பதால் எனக்கு உறுத்திய ஒன்று. ஆச்சின் மண்ணில் மாக்கல் நிறைய. முகப்பவுடருக்கும் பெயின்டுக்கும் போகிற டால்க். ஐஎஸ் அந்தச் சுரங்கங்களைப் பிடித்துவைத்திருந்ததையும், ஆப்கன் மாக்கல் பாகிஸ்தான் வழியாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போவதையும் ‘குளோபல் விட்னஸ்’ அமைப்பு 2018-இல் விரிவாக எழுதியது. அதாவது குண்டு விழுந்து ஒரு வருடம் கழித்து. அந்தக் கூட்டத்துக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது, கல்லை யார் வாங்கினார்கள் என்று துருவ உங்கள் கட்டுரையாளரால் முடியும். குண்டின் நீள அகலத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கிய நீங்கள் இதற்கு அரைப் பக்கமாவது கொடுங்கள். விலைத் திருத்தத்தையும், துளைக்கும் குண்டு அல்ல என்பதையும் அடுத்த இதழிலேயே போட்டுவிட்டால் நல்லது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் உங்கள் பத்திரிகையைக் கத்தரித்து வைத்துக்கொள்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுரங்க ஊழியர்,
அரியலூர்.
(பெயரை வெளியிட வேண்டாம்.)